வேரை வெட்டியது யார்? லேண்ட்ஸ்கேப் உரிம வாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழில் உரிமம் தருகிற வாரியங்களுக்கும், கட்டடத்துக்கு வெளியே தோட்டம், பாதை, வடிகால் எல்லாம் அமைக்கிற லேண்ட்ஸ்கேப் துறையின் பட்டங்களைக் காத்துவருகிற சங்கங்களுக்கும்,

வணக்கம். நான் இந்தத் தொழிலுக்கு மண்வெட்டியோடு வந்தவன். 23 வருஷம் ஆகிறது. முதல் ஆறு வருஷம் குழி வெட்டினேன், செடி நட்டேன், புல் பதித்தேன். அப்புறம் சூப்பர்வைசர். இப்போது 12 பேர் வேலை செய்கிற ஒரு சின்ன கான்ட்ராக்ட் என் பெயரில் ஓடுகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பதும், எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுவதுமாக இருந்தேன். ஒரு மரம் விழுந்த பிறகு விட மனசு வரவில்லை.

அது ஒரு அலுவலக வளாகம். முற்றத்தின் நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம், அடிமரம் 80 செ.மீ. குறுக்களவு இருக்கும். அதை வைத்துத்தான் முற்றம் முழுவதையும் வரைந்திருந்தார்கள். டிராயிங்கில் அந்த மரம் ஒரு பச்சை வட்டம், நடுவில் ஒரு புள்ளி. வரைந்தவர் முறையாகப் படித்தவர், பதிவு பெற்றவர், தாளின் ஓரத்தில் முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. கட்டுமானம் ஒரு நிறுவனம். தெளிப்புநீர்க் குழாய் அவர்களிடம் சப் கான்ட்ராக்ட் எடுத்த இன்னொருவர். நான் செடிக்கும் புல்லுக்கும் மட்டும் போயிருந்தேன். குழாய்க்கான வாய்க்கால் நேர்கோடாக வந்து மரத்துக்கு ஒன்றரை மீட்டர் பக்கத்தில் போனது. வெட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் குழிக்குள் தொடை தடிமனுக்கு ஒரு வேர். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, பட்டை கிழியாதபடி கையாலேயே சுற்றி மண்ணைப் பறித்து வைத்திருந்தார். "இத வெட்டினா மரம் நிக்காதுண்ணே" என்றார்.

போய்ச் சொன்னேன். குழாய்க்காரர், டிராயிங்கில் லைன் இப்படித்தான் போகிறது என்றார். நிறுவனத்து ஆள், குழாய் எங்கள் பொறுப்பில் வராது என்றார். வடிவமைப்பாளர் அலுவலகத்தில் போனை எடுத்தவர், மெயில் போடுங்கள் என்றார். போட்டேன். மறுநாள் காலை பதில் வரும் முன்னால் ரம்பம் வந்துவிட்டது. அந்த வேரோடு இன்னும் இரண்டும் அன்றைக்கே போயின. 14 மாதம் மரம் ஒன்றும் நடக்காதது போல் பச்சையாகத்தான் நின்றது. பதினைந்தாவது மாதம் ஒரு மழைக்காற்றில், ராத்திரி, வண்டி நிறுத்துகிற இடத்தின் மேல் சாய்ந்தது. பகலாக இருந்திருந்தால் இந்த மடலை வேறு யாராவது, வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

விசாரணை நடந்தது. ஆளாளுக்கு அவரவர் தாளைக் காட்டினார்கள். எல்லாத் தாளும் சரியாகவே இருந்தது. மரம் வயசானது, காற்று பலமானது என்று எழுதி மூடிவிட்டார்கள்.

வேர்ப் பாதுகாப்புக்கு ஒரு எளிய கணக்கு உண்டு, உங்களுக்குத் தெரியாதது இல்லை. பிரிட்டனின் பிஎஸ் 5837 தரத்தில் இருப்பது: தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவை எடு, 12ஆல் பெருக்கு, அந்த ஆரத்துக்குள் தோண்டாதே. எங்கள் மரத்துக்கு 9.6 மீட்டர். வாய்க்கால் போனது 1.5 மீட்டரில். மர நிபுணர் தேர்வுக்குப் படிக்கிறவர் இதை மனப்பாடமாகச் சொல்வார். படம் வரைந்தவருக்கும் தெரிந்திருக்கும். குழாய் போட்டவரை யாரும் இதைக் கேட்டதில்லை, கேட்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பன்னிரண்டு மடங்கு எதுவும் தெரியாமலே, வேரைப் பார்த்த மாத்திரத்தில் சரியாகச் சொன்னவர் ஒருவர் இருந்தார். அவர் சொல்லுக்கு அந்த சைட்டில் எடை இல்லை.

என் புகார் இதுதான். நீங்கள் பெயரைக் காக்கிறீர்கள், வேலையைக் காப்பதில்லை. காக்கிற இடத்திலும் மேசை வரைக்கும்தான் வருகிறீர்கள், மண்ணுக்கு வருவதில்லை.

தோட்டம் போட நினைக்கிற ஒரு சாதாரண ஆள் என்ன செய்கிறார்? "லேண்ட்ஸ்கேப் ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று நாலு பேரிடம் கேட்கிறார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. மண்மட்டம், வடிகால், பாதை, படி எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்கப் படித்த லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஒருவர். ஆறு மாதப் படிப்போ, நல்ல கண்ணோ, இரண்டுமோ வைத்துக்கொண்டு வீட்டுத் தோட்டம் வரைகிற கார்டன் டிசைனர் இன்னொருவர். இதை நான் இளப்பமாகச் சொல்லவில்லை, நான் பார்த்த மிக அழகான செடிப் படுகைகள் அப்படிப்பட்டவர்கள் போட்டவைதான். செடி வாங்கினால் படம் இலவசம் என்கிற நர்சரிக்காரர். கல்லும் சுவரும் பார்க்கிற மேஸ்திரி. குழாய்க்காரர். மரம் ஏறுகிறவர். மருந்து அடிக்கிறவர். எல்லாரும் கணக்கை முடித்துக்கொண்டு போன பிறகு பத்து வருஷம் அந்த இடத்தோடு கிடக்கப்போகிற தோட்டக்காரர். கூப்பிட்டவர் கண்ணுக்கு இத்தனை பேரும் லேண்ட்ஸ்கேப் ஆள்தான். விலையைக் கேட்டு, குறைவாகச் சொன்னவரைக் கூப்பிடுகிறார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, வித்தியாசம் என்ன என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் பட்டியலை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். 2008ல் திருத்தியது. அதில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் 2162, அதாவது மருத்துவர், பொறியாளர் எல்லாரும் இருக்கிற இரண்டாம் பிரிவு. தோட்டக்காரரும் நர்சரி வளர்ப்பவரும் 6113, விவசாயத்தோடு ஆறாம் பிரிவு. தோட்டக்கூலி 9214, எடுபிடி வேலைகள் இருக்கிற ஒன்பதாம் பிரிவு. ஒரே முற்றத்தில், ஒரே மரத்தடியில் நின்றுகொண்டிருந்த மூன்று பேர் பட்டியலில் மூன்று மாடியில் இருக்கிறார்கள். பட்டியல் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, எண்ணிக்கை எடுக்க அப்படித்தான் பிரித்தாக வேண்டும். ஆனால் உரிமச் சட்டங்களும் இதே மாடிக் கணக்கில்தான் போகின்றன.

பெயருக்காக இத்தனை பாடு ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை, ஒரு தொழில் நிமிர்ந்து நிற்க ஒரு பெயர் வேண்டும்தான். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவை வடிவமைக்கிற போட்டியில் 1858ல் வென்ற ஓல்ம்ஸ்டெடும் வாக்ஸும் 1863ல் தங்களை லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொண்டார்கள், தொழிற்பெயராக அது நிலைத்தது அங்கிருந்துதான். வாக்ஸ் கட்டடக்கலை பயின்றவர், சரி. ஓல்ம்ஸ்டெட் அதற்கு முன்னால் விவசாயம் பார்த்தவர், பத்திரிகைக்கு எழுதியவர். இன்றைக்கு உங்கள் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தால் கல்வித்தகுதி என்கிற கட்டத்தில் அவர் என்ன எழுதுவார் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1899ல் அமெரிக்க லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்கள் சங்கத்தைத் தொடங்கிய 11 பேரில் ஒரே பெண் பியாட்ரிக்ஸ் ஃபேரண்ட். அவர் தன்னை லேண்ட்ஸ்கேப் கார்டனர் என்றுதான் சொல்லிக்கொண்டார். பட்டத்தைக் காக்கச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவருக்கே அந்தப் பட்டம் வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பிடித்த ஆள்.

அப்புறம் சட்டம் வந்தது. அதுவும் நாட்டுக்கு ஒரு மாதிரி. பிரிட்டனில் 1997ஆம் வருஷத்து ஆர்க்கிடெக்ட் சட்டம், பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்ற பெயரில் தொழில் செய்யக் கூடாது என்கிறது. கூடவே மூன்று பெயர்களுக்கு விலக்கு தருகிறது: கப்பல் ஆர்க்கிடெக்ட், லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், கோல்ஃப் மைதான ஆர்க்கிடெக்ட். இந்தியாவின் 1972ஆம் வருஷத்துச் சட்டத்திலும் 37ஆம் பிரிவில் லேண்ட்ஸ்கேப்புக்கும் கப்பலுக்கும் விலக்கு இருக்கிறது. இரண்டு நாட்டுச் சட்டக்காரர்களுக்கும் தோட்டத்தை நினைத்தால் கப்பல் ஏன் ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை. எப்படியோ, பிரிட்டனில் 'சார்ட்டர்டு' என்ற முன்னொட்டுக்குத்தான் காவல். லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிட்யூட் என்கிற அங்கத்தைய தொழிற்சங்கம் தேர்வு வைத்து அதைத் தருகிறது. அந்த முன்னொட்டு இல்லாமல் வெறுமே லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று நான்கூட நாளைக்கு அங்கே போர்டு மாட்டலாம்.

அமெரிக்காவில் கதை வேறு. 1953ல் கலிஃபோர்னியா தொடங்கிவைத்தது, இன்றைக்கு 50 மாநிலங்களிலும் உரிமம் உண்டு. அதில் இரண்டு வகை. பெயரை மட்டும் காக்கிற சட்டம் ஒன்று: வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. வேலையையே காக்கிற சட்டம் இன்னொன்று: உரிமம் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே கூடாது. பெரும்பாலான மாநிலங்கள் இரண்டாவது வகை. தேர்வு நாலு பகுதி. நாலில் ஒன்று முழுக்க முழுக்க மண்மட்டம், வடிகால், மழைநீர். அதைப் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று தேர்வு வைக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பூவில் ஆபத்து இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

தண்ணீர் என்றதும் ஒரு சுவர் ஞாபகம் வருகிறது. இதில் குற்றவாளி நானே. சரிவு நிலத்தில் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும், உயரம் ஆறடிக்குப் பக்கம். அமெரிக்கக் கட்டட விதித்தொகுப்பிலும் அதைப் பார்த்து எழுதிய பல இடங்களிலும், அஸ்திவாரத்தின் அடியிலிருந்து அளந்து நாலடிக்கு மேல் போனால்தான் அனுமதி, பொறியாளர் கணக்கு எல்லாம். இது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அதனால் எல்லாரும் என்ன செய்வோம்? மூன்றடி, மூன்றடியாக இரண்டு சுவர், நடுவில் ஒரு முழம் இடம் விட்டு, அதில் நாலு செடி. பார்க்கவும் அழகு, அனுமதியும் வேண்டாம். மேல் சுவரின் பாரம் கீழ்ச் சுவரின் முதுகில் ஏறி உட்காரும் என்பதும், அப்படிப் பாரம் ஏறினால் நாலடிக்குக் கீழே என்றாலும் விலக்கு கிடையாது என்று அதே விதியில் இருப்பதும் எனக்கு அப்போது தெரியாது. சத்தியமாகத் தெரியாது, யாரும் சொல்லித் தந்ததில்லை. சுவருக்குப் பின்னால் ஜல்லி போடவில்லை, துளைக்குழாய் போடவில்லை, தோண்டின களிமண்ணையே அள்ளிக் கொட்டினோம். தண்ணீர் போக இரண்டு துளை மட்டும் விட்டோம், அதுவும் எங்கள் ஆள் கேட்டதால். மூன்றாவது மழைக்காலத்தில் கீழ்ச் சுவர் வயிறு தள்ளிவிட்டது. வீட்டுக்காரர் போனில், சுவர் கர்ப்பமாக இருக்கிறது என்றார். சிரித்தேன், நேரில் போய்ப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. சொந்தச் செலவில் இடித்துக் கட்டினேன். உரிமம் போகவில்லை, அபராதம் இல்லை, ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை. பறிப்பதற்கு என்னிடம் உரிமம் என்று ஒன்று இருந்தால்தானே!

மாடித்தோட்டம் இன்னும் மோசம். நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2 டன் வரும். 30 செ.மீ. கனத்துக்குக் கொட்டினால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் அரை டன்னுக்கு மேல் ஏறிவிடும். அதற்கு மேல் ஒரு மரத்தொட்டி, ஒரு நீரூற்று. தளம் தாங்குமா என்று கேட்க வேண்டிய கடமை யாருக்கு? செடி விற்றவருக்கா, தொட்டி வைத்தவருக்கா? இந்தக் கேள்வியை நான் பல சைட்டுகளில் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட நேரான பதில் வந்ததில்லை.

சரி, எல்லா இடத்திலும் எல்லாமே தப்பு என்று சொல்லவில்லை. மருந்து விஷயத்தில் நீங்கள் செய்திருப்பது எனக்குப் பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2009ல் போட்ட உத்தரவின்படி தொழிலுக்காகப் பூச்சிமருந்து அடிக்கிறவர் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் கட்டுப்படுத்தப்பட்ட வகை மருந்துகளைச் சான்று பெற்றவர் அடிக்க வேண்டும், இல்லையென்றால் அவர் மேற்பார்வையில் அடிக்க வேண்டும். அந்தச் சட்டம் நீ யார், என்ன பட்டம் என்று விசாரிப்பதில்லை. கையில் இருக்கிற டப்பா என்ன என்று கேட்கிறது. படித்த வடிவமைப்பாளரே ஆனாலும் சான்றிதழ் இல்லாவிட்டால் தொட முடியாது. தோட்டக்கூலியே ஆனாலும் பயிற்சி முடித்தால் தொடலாம். எனக்கு வேண்டியது இந்த மாதிரிச் சட்டம்தான்.

டெக்சாஸில் தெளிப்புநீர் அமைப்பவருக்குத் தனி உரிமம் இருக்கிறது. சொட்டுக் குழாய்க்குக்கூட உரிமமா என்று முதலில் நானும் கேலி செய்தேன். பிறகு ஒருவர் விளக்கினார். தோட்டக் குழாய் குடிநீர்க் குழாயோடு சேர்கிற இடத்தில், தெருவில் எங்கேயோ உடைப்பு எடுத்து அழுத்தம் திடீரென்று இறங்கினால், தோட்டத்துக் குழாயில் நிற்கிற தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்படும். அதில் உரம் கலந்திருக்கலாம், தெளிப்பான் தலையைச் சுற்றித் தேங்கின நாய் மூத்திரமும் கலந்திருக்கலாம். எல்லாம் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேரும். அதைத் தடுக்க ஒரு வால்வு போதும். அதை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று தெரிந்த ஆள் வேண்டும், அதற்குத்தான் உரிமம். விளக்கம் கேட்ட நாளிலிருந்து நான் கேலி செய்வதில்லை. அதற்கு முன்னால் எத்தனை இடத்தில் அந்த வால்வு இல்லாமல் இணைத்திருப்பேன் என்று எண்ணிப் பார்ப்பதும் இல்லை.

ஜப்பானில் தோட்டக் கைத்திறனுக்கு அரசு நடத்துகிற தேர்வு உண்டு, நிலை நிலையாக. எழுத்துத் தேர்வோடு விடுவதில்லை. ஒரு சின்னச் சதுர நிலத்தைக் கொடுத்து, மூங்கில் வேலி கட்டு, கல் பதி, செடி நடு என்று நேரம் வைத்துச் செய்யச் சொல்கிறார்கள். வெட்டின கிளைகளை வரிசையாகக் காட்டி, இது என்ன மரம் என்றும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கிளைத் தேர்வு ரொம்பப் பிடித்திருக்கிறது. பூவும் காயும் இல்லாமல், இலையையும் பட்டையையும் வைத்தே சொல்ல வேண்டும் என்றால் அதைப் புத்தகத்தில் படித்துத் தேற முடியாது, கூடவே திரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் தோட்டக்காரர் என்பதே மூன்று வருஷப் பயிற்சி உள்ள முறையான தொழில். வாரத்தில் சில நாள் பள்ளி, மீதி நாள் வேலை. அதில் ஏழு பிரிவு, தோட்டமும் லேண்ட்ஸ்கேப்பும் கட்டுவது அதில் ஒன்று. முடித்தவர் மேலே போய் மைஸ்டர், அதாவது தொழிலில் தேர்ந்த ஆசான், ஆகலாம், தானே பயிற்சி கொடுக்கலாம். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்துக்கும் அங்கே காவல் உண்டு. ஆக இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது, செய்துகொண்டிருக்கிறார்கள்.

என் தொழில்காரர்களில் பாதிப் பேர் இதை வாசித்துவிட்டு என்னைத் திட்டுவார்கள் என்று தெரியும். உரிமம் என்றாலே ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் வாசலைச் சாத்துவது என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பூங்கொத்து கட்டி விற்க உரிமம் வேண்டியிருந்தது. 2010 வரைக்கும் அதற்குச் செய்முறைத் தேர்வும் இருந்தது. மதிப்பெண் போட்டது யார் என்றால், ஏற்கெனவே உரிமம் வைத்திருந்த பூக்காரர்கள். கடைக்கு எதிரே கடை போட வருகிறவருக்கு எதிர்க்கடைக்காரரே மார்க் போடுவது! பூங்கொத்து சரியாகக் கட்டாவிட்டால் யார் செத்துப்போவார்கள்? இந்த மாதிரி உரிமம் வேண்டவே வேண்டாம். புல் வெட்டுகிறவருக்கு, களை எடுக்கிறவருக்கு, ரோஜாவுக்குக் கவாத்து செய்கிறவருக்கு உரிமம் கேட்டு யாராவது மசோதா கொண்டுவந்தால் எதிர்த்து முதல் கையெழுத்து நான் போடுகிறேன். செடி செத்தால் வேறு செடி வைத்துக்கொள்ளலாம். உரிமம் வேண்டிய வேலைக்கும் வேண்டாத வேலைக்கும் கோடு எங்கே என்பது எனக்குத் தெளிவாகவே இருக்கிறது. தப்பு நடந்தால் அடுத்தவர் தலையில் விழுமா, அடுத்தவர் வயிற்றுக்குள் போகுமா? விழும், போகும் என்றால் அந்த வேலைக்குக் கேள்வி கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சுவர், பெரிய மரம், குடிநீரோடு சேரும் குழாய், மருந்து, மாடியில் மண், கட்டடத்தை நோக்கிச் சரியும் நிலம். நான் எண்ணிப் பார்த்த வரைக்கும் ஆபத்தான வேலைகள் இவ்வளவுதான், இன்னும் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம். இவற்றில் ஒவ்வொன்றையும் செய்கிற கைக்கு ஒரு சின்னத் தேர்வு, ஒரு சின்ன அட்டை. அட்டை வேலைக்கு, ஆளின் பட்டத்துக்கு இல்லை. குழாய்க்காரர் மரத்தின் வேர்வட்டத்துக்குள் வந்தால் மரம் தெரிந்த ஒருவரின் கையெழுத்து வேண்டும், அவர் வந்து பார்க்கும் வரை ரம்பம் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. எங்கள் முற்றத்தில் இந்த ஒரே ஒரு விதி இருந்திருந்தால் போதும், வாய்க்காலை இரண்டு நாள் வேலையில் வளைத்துவிட்டிருக்கலாம். வேருக்கு அடியில் கையால் பறித்துக் குழாயை நுழைத்திருக்கலாம், அது ஒரு நாள் வேலை.

அப்புறம் தாள். ஒவ்வொரு வேலையிலும் வீட்டுக்காரர் கையில் ஒரே ஒரு பக்கம் கொடுக்கச் சொல்லுங்கள். வரைந்தவர் யார், சுவருக்குப் பொறுப்பு யார், குழாய்க்கு யார், மரத்துக்கு யார், முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளப்போவது யார். ஒவ்வொருவருக்கும் என்ன அட்டை இருக்கிறது, எது இல்லை. இல்லை என்றால் இல்லை என்று எழுதட்டும், அதில் வெட்கம் இல்லை. அட்டை இல்லாதவரையே வைத்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரர் தெரிந்து முடிவு செய்தால் அது அவர் இஷ்டம், மேலே சொன்ன ஆபத்தான வேலைகளைத் தவிர. இன்றைக்கு அவர் தெரியாமல் முடிவு செய்கிறார்.

பெரிய லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்கள் இதை வாசித்தால், இவன் நம்மைக் குறை சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். உங்களில் சிலர் சேற்றுக்குள் இறங்கி நின்று மட்டம் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர், நட்ட மரங்களின் கழுத்து, அதாவது அடிமரம் வேரோடு சேர்கிற இடம், மண்ணுக்குள் புதைந்திருக்கிறது என்று 40 மரத்தையும் திரும்பத் தோண்டி உயர்த்தி வைக்கச் சொன்னார். அன்றைக்கு அவரை மனசுக்குள் என்னென்னவோ திட்டினேன். பத்து வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது 40ல் 38 நின்றன. ஆனால் அவர் வந்தது அவர் குணத்தால். சைட்டுக்கு வந்து பார்க்கிற நாளுக்குக் காசு தர மாட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் வராமலே கையெழுத்துப் போட்டுவிட இன்றைக்கு வழி இருக்கிறது. முத்திரை குத்துகிறவர் குழி வெட்டுகிற நாளில் ஒரு தடவையாவது அங்கே நிற்க வேண்டும் என்று நீங்கள் எழுதி வைத்தால், காசு கேட்பதற்கு அவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். கலிஃபோர்னியாவில் லேண்ட்ஸ்கேப் கான்ட்ராக்டர் உரிமத்துக்கு நாலு வருஷக் கை அனுபவம் கேட்கிறார்கள், பட்டப்படிப்பு இல்லாமலே தேர்வு எழுதலாம். அந்த மாதிரி வாசல் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். ஆனால் அங்கேயும் அனுபவத்தை இன்னொருவர் சான்று சொல்ல வேண்டும். தினக்கூலியாக பத்து முதலாளியிடம் மாறி மாறி வேலை பார்த்தவருக்கு யார் சான்று சொல்வார்? பாதி முதலாளிகள் தொழிலையே விட்டுப்போயிருப்பார்கள், மீதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. ஆகவே காகிதத்தைக் கேட்காதீர்கள். ஜப்பான்காரர்கள் செய்வது போல ஒரு சதுர நிலத்தைக் கொடுங்கள், பத்துக் கிளையை வெட்டிக் காட்டுங்கள். ஒரு வாய்க்காலுக்குள் ஒரு வேரைக் காட்டி, இப்போது என்ன செய்வாய் என்று கேளுங்கள்.

அன்றைக்கு அந்த வேரைக் காட்டினவர் இப்போது என்னிடம்தான் வேலை செய்கிறார். மரத்துப் பக்கம் எந்த வேலை வந்தாலும் அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் நாங்கள் மண்ணைத் தொடுவதில்லை, அது எங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். மர நிபுணர் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். 200 கேள்வி, மூன்று வருஷ அனுபவம் என்றெல்லாம் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "கேள்விய வாயால கேப்பாங்களா, எழுதணுமா?" என்றார். அவருக்கு வாசிக்க வரும், எழுத அவ்வளவாக வராது.

எனக்குப் பதில் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த மடலில் மற்ற எதற்கும் நீங்கள் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, இதற்கு மட்டும் போடுங்கள். அவர் தினமும் காலையில் வண்டியில் ஏறும்போது கேட்கிறார்.

இப்படிக்கு,
மண்வெட்டியோடு வந்த ஒரு லேண்ட்ஸ்கேப் ஆள்